பத்தாயிரம் ரூபாய்க்குள்ள புது சைக்கிள்... கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

உங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல, மாடிப்படிக்குக் கீழே, ஒரு தடவை எட்டிப் பாருங்க. ரெண்டு டயர்லயும் காத்து இறங்கி, செயின் துருப்பிடிச்சு, சீட் மேல யாரோ துணி காயப்போட்டு, ஒரு சைக்கிளாவது நின்னுட்டிருக்கும். லாக்டௌன் நேரத்துல வாங்கினதா இருக்கலாம், நியூ இயர் சபதத்துல வாங்கினதா இருக்கலாம். கொஞ்சம் தூசியைத் தட்டிட்டுப் பார்த்தா 'டூயல் டிஸ்க்', '21 ஸ்பீடு'ன்னு ஸ்டிக்கர் மட்டும் இன்னும் பளபளன்னு இருக்கும்.

ஓட்டுறவர் சோம்பேறியாயிட்டார்னு சொல்றது ஈஸி. ஆனா பல நேரம் குத்தம் ஆள் மேல இல்லை, வண்டி மேலதான். கனமான ஃப்ரேம், உயரத்துக்குப் பொருந்தாத சைஸ், சக்கரத்தோட உரசிக்கிட்டே வர்ற பிரேக். முதல் வாரம் ஆசையா எடுப்போம், ரெண்டாவது வாரம் முட்டி வலிக்கும், மூணாவது வாரம் மழை, அதோட சரி. வாங்கும்போதே கொஞ்சம் உஷாரா இருந்தா இந்த நிலைமை வராது.

இது ரேஸ் ஓட்டுறவங்களுக்கான கட்டுரை இல்லை. அதிகாலை 5 மணிக்கு ஈ.சி.ஆர்ல டைட் ஜெர்சி போட்டுக்கிட்டு மாமல்லபுரம் போயிட்டு வர்றவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியும். நாம பேசப்போறது வேற கேஸ். காலையில பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு, சாயங்காலம் டீக்கடை, ஞாயித்துக்கிழமை ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரமா ஒரு 10, 15 கிலோமீட்டர். கையில இருக்கிறது 10,000 ரூபாய். கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா 12,000.

ஸ்டிக்கருக்கு எவ்வளவு, சைக்கிளுக்கு எவ்வளவு?

கடைக்குள்ள நுழைஞ்சதும் சேல்ஸ்மேன் சொல்ற முதல் வசனம் இதுவாத்தான் இருக்கும்: "தம்பி, இதைப் பாருங்க. முன்னாடி ஷாக் அப்ஸார்பர், ரெண்டு பக்கமும் டிஸ்க்கு, 21 கியரு. இந்த ரேட்டுக்கு எங்கயும் கிடைக்காது!"

கொஞ்சம் நிதானமா யோசிங்க. டீலர் லாபம், லாரி வாடகை, வரி எல்லாம் போக மிச்சம் இருக்கிற காசுலதான் கம்பெனி அந்த சைக்கிளைச் செய்யணும். அந்தக் காசுக்குள்ளேயே சஸ்பென்ஷன், டிஸ்க், கியர் மூணையும் திணிச்சா, வேற எங்கேயாவது கை வெச்சுத்தானே ஆகணும்? கை வைக்கிற இடம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஹப்புக்குள்ள இருக்கிற பேரிங், பெடல், ரிம், போக்ஸ் கம்பி, பிரேக் கேபிள். தினமும் நம்மைச் சுமக்கிறது இதுங்கதான். அதனால ஒரே விலையில ரெண்டு சைக்கிள் பக்கத்துல பக்கத்துல நின்னா, அலங்காரம் கம்மியா இருக்கிற வண்டியிலதான் உருப்படியான சாமான் இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல்ல சஸ்பென்ஷனை எடுத்துக்குவோம். இந்த விலையில வர்ற முன் ஷாக் அப்ஸார்பர், உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும் இருக்கிற கனமான இரும்புக் குழாய். நல்ல சஸ்பென்ஷன்ல ஆட்டத்தை அடக்கத் தனி ஏற்பாடு இருக்கும், இதுல பெரும்பாலும் அது இருக்காது. மேம்பாலத்துல எழுந்து நின்னு மிதிச்சா, நீங்க கொடுக்கிற பலத்துல ஒரு பங்கு வண்டியை மேலும் கீழும் ஆட்டுறதுலயே போயிடும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும் குழிக்கும் கொஞ்சம் அகலமான டயர்ல சரியான அளவு காத்து இருந்தாலே போதும். ஷாக் இல்லாத சாதா ஃபோர்க்கே வாங்குங்க. எடையும் குறையும். இரும்பு ஃப்ரேம், ஷாக் எல்லாம் சேர்ந்து 16, 17 கிலோ வர்ற வண்டியை லிஃப்ட் இல்லாத வீட்டுல மூணாவது மாடிக்குத் தூக்கிப் பாருங்க, அப்போ புரியும்.

அடுத்து டிஸ்க் பிரேக். நல்ல டிஸ்க் பிரேக் அருமையான விஷயம், மழையிலும் சேத்துலயும் அதை அடிச்சுக்க முடியாது. பிரச்னை மலிவான டிஸ்க்லதான். தட்டு லேசா வளைஞ்சாலே 'ஸ்ஸ்... ஸ்ஸ்...'னு உரசிக்கிட்டே வரும். தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் பலருக்கு அதைச் சரிபண்ற பழக்கம் இல்லை. ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக்னா கதையே வேற. பிரேக் கட்டை தேய்ஞ்சா எந்தக் கடையிலும் கிடைக்கும், நீங்களே மாத்திக்கலாம், செலவும் பெருசா இல்லை.

ஆனா இதுல ஒரு முக்கியமான கண்டிஷன் உண்டு. ரிம் அலுமினிய அலாயா இருக்கணும். முலாம் பூசின இரும்பு ரிம் ஈரமானா ரப்பர் வழுக்கும், பிரேக் சரியாப் பிடிக்காது. நவம்பர் மழையில சிக்னல்ல நிக்க வேண்டிய வண்டி நிக்காமப் போறது விளையாட்டு இல்லை. அலாயா இரும்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்துட்டுப் போங்க. ரிம்ல ஒட்டினா இரும்பு. அதையே கிராங்க்லயும் ஹேண்டில்பார்லயும் வெச்சுப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இப்போ கியர். 21 கியர்ங்கிறது முன்னாடி 3 பல்சக்கரம், பின்னாடி 7 பல்சக்கரம், பெருக்கினா 21. இதுல பல கியர் ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கும், சிலதுல செயின் குறுக்கா இழுத்துக்கிட்டுப் போகும்ங்கிறதால பயன்படுத்தவே கூடாது. கியரே இல்லாத சைக்கிளோட கணக்கைப் பார்ப்போம். முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல்னு வெச்சுக்கங்க. ஒரு மிதி முழுசா சுத்தினா சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுத்து சுத்தும். 26 இன்ச் சக்கரத்துக்கு அது சுமார் 5 மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதி, அதாவது நொடிக்கு ஒண்ணுன்னு சாவகாசமா மிதிச்சாலே மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். சென்னை, தஞ்சாவூர், மதுரை மாதிரி சமதளமான ஊர்ல ஜாலியா ஓட்ட இதுக்கு மேல என்ன வேணும்?

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். நீங்க இருக்கிறது ஊட்டி, ஏற்காடு பக்கம்னா கியர் இல்லாம நடக்காது. தினமும் ரெண்டு மேம்பாலம் ஏறணும், கடற்கரை ரோட்டுல எதிர்க்காத்துல ஓட்டணும்னாலும் கியர் உதவும். அப்படின்னா முன்னாடி ஒரே பல்சக்கரம், பின்னாடி 6 அல்லது 7 இருக்கிற மாடலா பாருங்க. முன்னாடி 3 இருந்தா அட்ஜஸ்ட் பண்ணவேண்டிய இடம் கூடுது, செயின் கழன்டு விழுற சந்தர்ப்பமும் கூடுது.

ஃபேட் டயர் சைக்கிள் கேக்கிறவங்களுக்கு: அந்த 4 இன்ச் டயர் பிறந்தது மணலுக்கும் பனிக்கும். தார் ரோட்டுல அதை மிதிக்கிறது ஈரச்சாக்கை இழுக்கிற மாதிரி இருக்கும். இன்ஸ்டா போட்டோவுக்கு சூப்பர். போட்டோ எடுக்க ஃப்ரெண்டு வண்டி போதும்.

26 இன்ச் சைக்கிள் கொடுங்கன்னு கேட்காதீங்க

நம்ம ஊர் கடைகள்ல சைஸ்னாலே 24, 26, 27.5, 29னு சொல்வாங்க. அது சக்கரத்தோட அளவு. உங்க உடம்புக்குப் பொருந்த வேண்டியது ஃப்ரேமோட அளவு. அது 15, 17, 18 இன்ச்னு தனியா இருக்கும். சக்கரம் பெருசா இருக்கிறதாலேயே உயரமானவருக்கு வண்டி பொருந்திடாது. பட்ஜெட் மாடல்கள் பலதும் ஒரே ஃப்ரேம் சைஸ்லதான் வருது. அதனாலதான் நேர்ல போய் ஏறிப் பார்க்காம வாங்காதீங்கன்னு சொல்றது. மேலோட்டமா ஒரு கணக்கு வேணும்னா, 5 அடி 3 அங்குலத்துக்குக் கீழேன்னா 15 இன்ச், 5 அடி 7 அங்குலம் வரைக்கும் 16, 17, அதுக்கு மேலன்னா 18, 19ல இருந்து ஆரம்பிச்சுப் பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும்.

கடையில செய்ய வேண்டிய சோதனை சிம்பிள். செருப்பு, ஷூ எதைப் போட்டு ஓட்டுவீங்களோ அதைப் போட்டுக்கிட்டு, பாருக்கு ரெண்டு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்க. பாருக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல்கடை இடைவெளியாவது இருக்கணும். இடிச்சா அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு டிஸ்கவுன்ட் கொடுத்தாலும். அப்புறம் சீட்ல உக்காந்து ஹேண்டில்பாரைப் பிடிங்க. முழங்கை லேசா மடங்கியிருக்கணும், முதுகைக் குனிஞ்சு எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கக் கூடாது.

சீட் உயரம்தான் பலரும் கோட்டைவிடுற இடம். சீட்ல உக்காந்தபடியே ரெண்டு காலையும் தரையில அழுத்தமா ஊன்றணும்னு நினைச்சு சீட்டை ரொம்ப இறக்கி வெச்சுக்குவாங்க. முட்டி மடங்கியே இருக்கிறதால அஞ்சு கிலோமீட்டர்லேயே வலி ஆரம்பிச்சிடும். சரியான முறை இதுதான்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதுமேல வெச்சா கால் நேரா நீளணும். ஓட்டும்போது பாதத்தோட முன்பகுதியை வெச்சு மிதிப்பீங்க, அப்போ முட்டி லேசா மடங்கும். சிக்னல்ல நிக்கும்போது சீட்டை விட்டு முன்னாடி இறங்கி நிக்கணும், அவ்வளவுதான். ரெண்டு நாள்ல பழகிடும். சீட் கம்பியை அதுல போட்டிருக்கிற எல்லைக்கோட்டுக்கு மேல மட்டும் தூக்காதீங்க.

'லேடீஸ் சைக்கிள்'தான் வாங்கணுமாங்கிற கேள்வியும் வரும். சேலை, பாவாடையோட ஏறி இறங்க வசதியா பாரைத் தாழ்த்தி வெச்சதுதான் அந்த டிசைன். சுடிதார், ஜீன்ஸ் போட்டு ஓட்டுற பொண்ணுக்கு அது கட்டாயம் இல்லை. அதேமாதிரி முட்டி பிரச்னை இருக்கிற அப்பாவும் நீங்களும் மாத்தி மாத்தி ஓட்டப் போறீங்கன்னா, தாழ்ந்த பார்தான் வசதி. 1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தப்போ லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பெண்கள் பார் வெச்ச வண்டியையே எடுத்து ஓட்டினாங்க. அந்தப் பார்ல குழந்தையை உக்கார வெச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் இருந்தாங்க. வண்டிக்கு ஆண், பெண்லாம் கிடையாது பாஸ்.

ஆன்லைனா, கடையா?

பிராண்டைப் பத்தி ரொம்ப மண்டையை உடைச்சுக்காதீங்க. லூதியானாவுல இருந்து வர்ற ஹீரோ, ஏவான், நம்ம அம்பத்தூர் பக்கத்து டி.ஐ. சைக்கிள்ஸோட ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., டெகத்லான் ஷோரூம்ல கிடைக்கிற அவங்க சொந்த மாடல்கள்னு இந்த பட்ஜெட்ல எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே தரத்துலதான் நிக்கிறாங்க. வண்டியை யார் பூட்டினாங்கங்கிறதுதான் பெரிய வித்தியாசம். பேரே கேள்விப்படாத பிராண்ட் ஆன்லைன்ல பாதி விலையில கிடைச்சா மட்டும் ஒதுங்கிப் போயிடுங்க, நாளைக்கு ஸ்பேர் தேடி அலையணும்.

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினா 85 சதவிகிதம் பூட்டின வண்டி அட்டைப்பெட்டியில வரும். மிச்சம் 15 சதவிகிதம்தான் உயிர் சமாச்சாரம்: ஹேண்டில்பார், முன்சக்கரம், பிரேக், பெடல். யூடியூப் பார்த்துப் பூட்டுறவங்க வழக்கமா மாட்டிக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு, ஃபோர்க் பின்பக்கமா திரும்பியிருக்கிறதைக் கவனிக்காமலே சக்கரத்தை மாட்டிடுறது. ஃபோர்க்கோட வளைவு முன்பக்கம் பார்த்து இருக்கணும். இன்னொண்ணு இடது பெடல். அதோட மரை எதிர்ப்பக்கம் சுத்தும். எல்லா ஸ்க்ரூவையும்போல வலதுபக்கம் சுத்தி ஸ்பேனரால அழுத்தினா கிராங்கோட மரையே போயிடும். புது வண்டிக்கு முதல் நாளே புது கிராங்க்.

அதனால என் ஓட்டு கடைக்குத்தான். முடிஞ்சா வீட்டுல இருந்து ஓட்டிட்டுப் போற தூரத்துல இருக்கிற, உள்ளேயே மெக்கானிக் இருக்கிற கடை. ஆன்லைன் விலையை விட 500 ரூபாய் கூட இருந்தாலும் ஃபிட்டிங், முதல் சர்வீஸ், ஸ்டாண்டு, மட்காட் எல்லாம் சேர்த்துப் பேசி வாங்கலாம். "அண்ணே, மட்காட், பெல், ஸ்டாண்டு போட்டு மொத்தமா எவ்வளவு?"ன்னு முதல்லயே கேட்டுடுங்க. ஸ்டைலான மாடல்கள் பலதுக்கும் மட்காட் தனிக்காசு. அது இல்லாம மழை நாள்ல ஓட்டினா முதுகுல நேர்கோடா சேறு அடிக்கும்.

பில் வாங்க மறக்காதீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்துல இருந்து 5 சதவிகிதமாக் குறைஞ்சிருக்கு. பில்லுல 5தான் போட்டிருக்கான்னு பாருங்க. பெடல் ரெண்டையும் இணைக்கிற இடத்துக்கு அடியிலயோ சீட் குழாய்லயோ ஃப்ரேம் நம்பர் குத்தியிருப்பாங்க. அதை போட்டோ எடுத்து பில்லோட சேர்த்து வெச்சுக்கங்க. சைக்கிளுக்கு ஆர்.சி புக் கிடையாது. திருட்டுப் போனா போலீஸ் ஸ்டேஷன்ல இது என் வண்டின்னு காட்ட அந்த நம்பர்தான் இருக்கு.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்

வண்டி பூட்டி முடிச்சதும் உடனே ஏறி உக்காராதீங்க. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியையே பாருங்க. ரிம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினா பெண்டு எடுக்கச் சொல்லுங்க. பின்சக்கரத்துக்கும் அதேதான். அடுத்தடுத்து இருக்கிற போக்ஸ் கம்பிகளை ரெண்டு ரெண்டா விரலால அழுத்திப் பாருங்க, எதுவும் தொளதொளன்னு இருக்கக் கூடாது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்க, ஹேண்டில்பார் கழுத்துல 'டக்'குனு ஆட்டம் தெரிஞ்சா டைட் பண்ணணும். கிராங்கைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, அது அசையவே கூடாது.

பிரேக் லீவரை முழு பலத்தோட அழுத்துங்க. அது ஹேண்டில்பாரைத் தொட்டா கேபிள் லூஸ்னு அர்த்தம். எந்தக் கை லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்குதுன்னும் அங்கேயே தெரிஞ்சுக்கங்க. வேகத்துல முன் பிரேக்கை மட்டும் படக்குனு பிடிச்சா வண்டி நம்மைத் தூக்கி முன்னாடி போட்டுடும்.

டயரோட பக்கவாட்டுல எத்தனை பி.எஸ்.ஐ காத்துன்னு அச்சடிச்சிருக்கும், அந்த அளவுக்குள்ள அடிக்கச் சொல்லுங்க. முள்ளு முள்ளா இருக்கிற டயரை விட, நடுவுல வழவழன்னு இருக்கிற டயர் நம்ம ரோட்டுக்கு லேசா ஓடும். வால்வையும் பாருங்க. பைக்குல இருக்கிற மாதிரி வால்வுன்னா பெட்ரோல் பங்க்லயே காத்து அடிச்சுக்கலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா அடிக்கணும், அந்த மெஷின் வேகத்துக்கு சைக்கிள் ட்யூப் வெடிச்சிடும். பழைய வால் ட்யூப் வகைன்னா பைக் பம்ப் ஒத்துவராது. அதுக்கேத்த கைப்பம்ப் ஒண்ணு வீட்டுல இருக்கிறது நல்லது.

அப்புறம் ஒரு தெரு ஓட்டிப் பார்த்துட்டு வாங்க. அதுக்கு ஒத்துக்காத கடைன்னா நீங்களும் ஒத்துக்காதீங்க.

10,000 ரூபாயையும் வண்டிக்கே கொட்டிடக் கூடாதுங்கிறதையும் இங்கேயே சொல்லிடுறேன். 7,500க்கு வண்டி, மிச்சம் 2,500 மத்ததுக்குன்னு பிரிச்சுக்கங்க. ஹெல்மெட்டுக்குத்தான் அதுல பெரிய பங்கு. சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனா தலைக்கு அது தெரியாது. பின்னாடி சிவப்பு லைட், முன்னாடி வெள்ளை லைட், நல்ல பூட்டு ஒண்ணு. ஸ்பேனரே இல்லாம சீட்டைக் கழட்டுற மாதிரி லீவர் இருந்தா அந்த இடத்துல சாதா நட்டு போடச் சொல்லுங்க. இல்லைன்னா ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல வண்டி இருக்கும், சீட் இருக்காது. ரிஃப்ளெக்டரை அசிங்கமா இருக்குன்னு கழட்டிப் போடாதீங்க.

முதல் மாசம்

புது சைக்கிள் முதல் 100 கிலோமீட்டருக்குள்ள கொஞ்சம் தளரும். கேபிள் இழுபடும், போக்ஸ் கம்பி செட்டாகும். மூணு நாலு வாரத்துல ஒரு தடவை கடைக்கு எடுத்துட்டுப் போய் எல்லாத்தையும் இறுக்கச் சொல்லுங்க. நிறைய பேர் இந்த சர்வீஸை விட்டுடுறாங்க.

செயினுக்கு வீட்டுத் தேங்காய் எண்ணெய் விடாதீங்க. கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆகி ரோட்டுல இருக்கிற மண்ணையெல்லாம் சேர்த்துக்கும். சைக்கிள் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ ரெண்டு மூணு சொட்டு விட்டு, பழைய துணியால மேல இருக்கிறதைத் துடைச்சிடுங்க. கடலோர ஊர்ல இருந்தா வாரம் ஒரு தடவை ஈரத்துணியால ஃப்ரேமையும் சேர்த்துத் துடைங்க, உப்புக்காத்து இரும்பைச் சும்மா விடாது.

ஓட்டும்போது ஒவ்வொரு மிதிக்கும் 'டக்... டக்'குனு சத்தம் வந்தா பெடலோ கிராங்கோ லூஸாகியிருக்குன்னு அர்த்தம். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு ஓட்டிக்கிட்டே இருந்தா கிராங்கோட ஓட்டை தேய்ஞ்சு பெருசாகி, அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. சத்தம் வந்த அன்னைக்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கிட்டே கடைக்குப் போயிடுங்க. ஸ்பேனர் வெச்சு ஒரு திருகு, ரெண்டு நிமிஷ வேலைதான்.